வெள்ளிக்கிழமைப் புளி

மீன் பிடிக்கப் போகும் நாளில், கிளம்புவதற்கு முன் குழம்புக்குப் புளியை ஊறப்போட்டுவிட வேண்டும். எங்கள் நாகப்பட்டினத்து வழக்கமா, எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமா என்று எனக்குத் தெரியாது. மீன் கிடைத்த பிறகு ஊறப்போட்டுக்கொள்ளலாம் என்று இருப்பது, போகிறவரை நம்பாமல் அனுப்புவது போல. ஷார்ஜாவில் நான்காவது மாடி ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, அந்தக் குளிர்காலத்தில் பிப்ரவரி வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எலுமிச்சம்பழ அளவு புளியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். ஒரு வெள்ளிக்கிழமைகூட மீன் வந்தபாடில்லை.

மீன் பிடித்தவர் என் கணவர். அவருடைய ஊர் மணப்பாறைப் பக்கம். கல்யாணமான புதிதில் நெத்திலியைக் காட்டி இது சங்கரா குட்டியா என்று கேட்ட மனிதர். அவர் ஐம்பது வயதுக்கு மேல் தூண்டிலோடு கடலுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீரில் போய் நின்றார் என்றால் அதற்குக் காரணம் மீன் இல்லை, வேலை போனதுதான்.

அவர் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்துப் பார்க்கும் இன்ஸ்பெக்டர். சவுதியில் யான்பு ரிஃபைனரியில் பல வருஷம் தனியாக கேம்பில் இருந்துவிட்டு, எனக்கு இங்கே இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததும் அவரும் இந்தப் பக்கம் வந்து ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்தார். புராஜெக்ட் முடிந்தது. அடுத்த புராஜெக்ட் வரவில்லை. கம்பெனி விசாவை ரத்து செய்ததும், அவர் இங்கேயே இருந்து வேலை தேடுவதற்காக என் விசாவின் கீழ் அவரைக் கொண்டுவந்தோம். டைப்பிங் சென்டரில் இருந்த பையன், மனைவிக்குக் கணவர் ஸ்பான்சரா, கணவருக்கு மனைவி ஸ்பான்சரா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது. இவரோ சிரித்துக்கொண்டே, "இனிமே மேடம்தான் என் கஃபீல்" என்று அவனிடம் சொன்னார். விசா கொடுத்து ஆளை வைத்திருக்கும் முதலாளிக்கு இங்கே அப்படித்தான் பெயர்.

அந்த ஜோக்கை அவர் ஊரெல்லாம் சொன்னார். கீழே மளிகைக் கடை மலையாளியிடம் சொன்னார், லிஃப்டில் பார்ப்பவர்களிடம் சொன்னார், கோயம்புத்தூரில் படிக்கும் மகளிடம் வீடியோ காலில் சொன்னார். "கஃபீல் பர்மிஷன் குடுத்தா ஒரு டீ குடிக்கலாம்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். பிறகு ஒரு கட்டத்தில் அவர் அந்த ஜோக்கை நிறுத்திவிட்டார். அந்த எரிச்சலே தேவலை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

வளைகுடாவில் வேலை இல்லை என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள். கூப்பிடுகிறோம் என்பார்கள். அதோடு சரி. அவர் விண்ணப்பம் அனுப்பும்போதெல்லாம் நான், "இது கண்டிப்பா கெடச்சிரும் பாருங்க" என்பேன். இன்டர்வியூ இருந்தால் முதல் நாளே சட்டையைத் தேய்த்து மாட்டிவைப்பேன். பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சர்களிடம், அநேகமாக முடிந்த மாதிரிதான் என்று சொல்லிவைப்பேன். கிடைக்காத செய்தியை மட்டும் அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. ஹாலில் லைட்டைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். நானும் புரிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். மகளைத் தவிர ஊரில் யாருக்கும் வேலை போனதே தெரியாது. சொன்னால் அவர் அம்மா சாப்பிடமாட்டார்கள் என்று சொல்லாமல் இருந்தோம்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் வீட்டில் ஆளைக் காணோம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பின்னால் கார்கள் நிறுத்தும் மணல் மைதானத்தில் நின்றுகொண்டு ஒரு நீளமான கம்பை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். யான்புவில் அவரோடு வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஃபைனல் எக்ஸிட்டில் போகும்போது தன்னுடைய தூண்டிலை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது இவரோடு யான்புவிலிருந்து ஷார்ஜா வந்து, பீரோவின் மேல் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. தூக்கிப் போடச் சொல்லி நான் சண்டை போட்டதுண்டு.

அது சாதாரணத் தூண்டில் இல்லை. நம் தூண்டிலில் ஈயக்குண்டு கட்டியிருக்கும், அதன் கனத்தில் இரை தூரம் போய் விழும். இதில் குண்டும் கிடையாது, இரையும் கிடையாது. தடித்த கயிறு போன்ற லைனின் கனம்தான் எல்லாம். கம்பைப் பின்னால் வீசினால் லைன் தலைக்கு மேலே பறந்து பின்பக்கம் நீளும். அது முழுதாக நீண்டு முடியும்வரை பொறுத்திருந்து முன்னால் வீச வேண்டும். நுனியில் முடியும் இழையும் வைத்துக் கட்டிய ஒரு குஞ்சம் இருக்கும். அதற்கு ஃப்ளை என்று பெயர். குஞ்சத்துக்குள் ஒரு முள் ஒளிந்திருக்கும். மீன் அதைக் குட்டி மீன் என்று நினைத்துக் கவ்வும். இவ்வளவையும் அவர் மொபைலில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு எனக்கு விளக்கினார். பொறுக்கத் தெரியாதவனுக்கு லைன் காலடியில் சுருண்டு விழும் என்றார். முதலில் அவருக்கும் அப்படித்தான் விழுந்தது.

மைதானத்தில் யாரையாவது குத்திவிடக் கூடாது என்று முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டிக்கொண்டு பழகினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். தண்ணீரே இல்லாத இடத்தில் ஒருவர் தூண்டில் வீசினால் கூடாதா என்ன. வேன் ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் தினமும் வண்டியை நிறுத்திவிட்டு, "மச்லி கிதர் ஹை, பாய்?" என்று கேட்பார், மீன் எங்கே என்று. இவர் திரும்பாமலே, "ஆயேகா" என்பார், வரும் என்று. அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே நான் ஜன்னலைத் திறந்துவைப்பேன்.

பொழுதுபோக்காக மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும் என்று ஆப்பில் விண்ணப்பித்தார். வந்துவிட்டது. அந்த வருஷம் அவர் போட்ட விண்ணப்பங்களில் ஒப்புதல் வந்தது அது ஒன்றுக்குத்தான்.

ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. கம்பெனி கார் போய்விட்டதால் என் காரில்தான் போனோம். உம்முல் குவைன் பக்கம் கடல் உள்ளே புகுந்து ஏரி போல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள், ஒரு பக்கம் சிப்பி ஒட்டிய பாறைகள். அவர் தண்ணீரில் இறங்கிவிடுவார். நான் மடக்கு நாற்காலி போட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பின்னக் கணக்குகளைத் திருத்துவேன். சற்றுத் தள்ளி ஒரு ஃபிலிப்பினோ குடும்பம் வரும். அவர்கள் ரொட்டித்துண்டை மாட்டிப் போட்டு வாளி நிறைய மீனை அள்ளிக்கொண்டு போவார்கள். இவர் நாட்டியம் மாதிரி வீசுவார், ஒன்றும் வராது. பார்க்க அழகாக இருந்தது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். லைன் பின்னால் நீளும்போது அவசரப்படாமல் நிற்பார், தோள் இறுக்கமே இல்லாமல். வீட்டில் இருக்கும் மனிதரா இவர் என்று இருக்கும்.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் இறங்கி நானே மீன் வாங்குவேன். புளி ஊறிக் கிடக்கிறதே. ஒரு வாரம் இந்த ஊர் ஷேரி மீன், ஒரு வாரம் வஞ்சிரம். அவர் குழம்பு நன்றாக இருக்கிறது என்பார். நான் விடாமல், "அடுத்த வாரம் நீங்க புடிச்ச மீனுலதான் கொழம்பு" என்பேன். அவர் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாத்தனார் வாட்ஸப்பில், அண்ணனுக்கு என்ன ஜாலி, லீவு போட்டு மீன் பிடிக்கிற அளவுக்கு வசதி என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் ஒரு சிரிக்கும் பொம்மையை அனுப்பினேன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை வெயில் தண்ணீருக்குள் அடிமணல் வரை இறங்கியிருந்தது. மடவைக் குஞ்சுகள் கூட்டமாக மேலே துள்ளின. பின்னால் எதுவோ விரட்டுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த விஷயத்தில் நான் நாகப்பட்டினத்துக்காரி. நாற்காலியை விட்டு எழுந்து போனேன். கட்டா. எங்கள் பக்கம் தோல்பாறை என்றும் சொல்வார்கள். தட்டையாக, வெள்ளித் தகடு போல, நல்ல நீளம். அவருடைய குஞ்சத்தின் பின்னாலேயே வந்தது. என் கண்ணெதிரே கவ்வியது. லைன் ஒரு நொடி விறைத்தது, உடனே தொய்ந்தது. அடுத்த வீச்சிலும் இன்னொன்று வந்து கவ்வியது, விட்டது. நான் கத்தினேன். இவர் நிதானமாக, "தப்பிச்சிருச்சு" என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியதே அந்த நிதானத்தில்தான். மீன் தப்பிவிட்ட மனிதன் அப்படிப் பேசமாட்டான். பேன்ட் நனைவதைப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிப் போய் லைனைப் பிடித்து இழுத்து நுனியைப் பார்த்தேன். குஞ்சம் இருந்தது. முள் இல்லை. வளைவோடு சேர்த்து நறுக்கியிருந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த டப்பாவை வாங்கித் திறந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து அவர் கட்டிய அத்தனை ஃப்ளையும் அதே மாதிரி, கட்டிங் பிளேயரால் நறுக்கப்பட்டு, வரிசையாக இருந்தன.

என்ன இது என்று கேட்டேன். சேஃப்டிக்கு என்றார். யாருடைய சேஃப்டிக்கு, மீனுக்கா என்று கேட்டேன். அவர் கரைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். விடைத்தாள்கள் மணலில் பறந்துகொண்டிருந்தன. அவற்றைப் பொறுக்குவதா, இவரைக் கேட்பதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

"முள்ளு இருந்து மீன் வரலன்னா, எனக்குப் புடிக்கத் தெரியலன்னு ஆயிரும்," என்றார். "முள்ளே இல்லன்னா அப்புடி ஆவாதுல்ல."

"யாரு சொல்லப் போறா அப்புடி? இங்க நானும் கொக்கும்தான நிக்கிறோம்."

"நீ புளிய ஊறப்போட்டுட்டு வர்றல்ல," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு பொம்பளை புருஷன்மேல் நம்பிக்கை வைத்து ஊறப்போட்ட புளி ஒரு குற்றமா? அன்று மார்க்கெட்டில் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து, புளியை வீணாக்க மனமில்லாமல் ரசம் வைத்தேன். கோபத்தில் வைத்த ரசம் பிரமாதமாக வந்தது. அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோபம் இரண்டு மூன்று நாளில் இறங்கியதும் அதன் அடியில் பயம் இருந்தது. வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று எனக்கு அந்தத் தேய்த்து மாட்டிய சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று நான் சொன்னபோதெல்லாம் கிடைக்காமல் போனதோடு சேர்த்து, என்னை ஏமாற்றிய கணக்கும் அவர் தலையில் ஏறியிருக்கிறது. இந்த மனிதர் தூண்டிலில் மட்டும்தான் முள்ளை நறுக்கிவைத்திருக்கிறாரா, இல்லை வேலை தேடுவதிலும் இப்படித்தானா? தினமும் லேப்டாப் முன்னால் உட்காருகிறாரே, உண்மையில் எதையாவது அனுப்புகிறாரா? கேட்கப் பயமாக இருந்தது. ஆள் எனக்குத் திரும்பக் கிடைக்கவேண்டும், வேலை பிறகு வரட்டும் என்று அன்றுதான் தெளிவாகத் தோன்றியது.

அவருடைய டூல்பாக்ஸில் நறுக்காத முட்கள் ஒரு பாக்கெட் இருந்தன. பள்ளி ஆண்டு விழாவில் தேவதை இறக்கை செய்து மிஞ்சிய ஜிகினா இழை என் பையில் இருந்தது. அவர் தூங்கப்போன சமயம் பார்த்து எடுத்துக் கட்டினேன். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் நூல் நழுவியது, விரலில் குத்திக்கொண்டேன். கட்டி முடித்தபோது அது மீன்குஞ்சு மாதிரியும் இல்லை, தேவதை மாதிரியும் இல்லை. இருந்தாலும் முள் இருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இன்னும் சிலதைக் கட்டிவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புளி ஊறப்போடவில்லை. கிளம்பும்போது அவரிடம் சொல்லிவிட்டேன், கத்திரிக்காய் கூட்டு வைத்தாயிற்று, தயிர்சாதம் கட்டியாயிற்று, மீன் கிடைத்தாலும் வைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, பிடித்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று. அவர் செருப்பு மாட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுப்படியை எட்டிப் பார்த்து, காலிக் கிண்ணத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். அசல் இன்ஸ்பெக்டர்.

தண்ணீர் ஓரத்தில் நான் கட்டியதை எடுத்துக் கொடுத்தேன். பெருவிரலால் முள்ளின் நுனியைத் தடவிப் பார்த்தார். "யாரு கட்டுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "முடிச்சு சரியில்ல," என்றார். ஆனால் பிரிக்கவில்லை. கட்டிங் பிளேயர் அவர் பாக்கெட்டில்தான் இருந்தது. அவர் அதை எடுத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு பிள்ளைக்கு அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டு என்று இருந்ததற்குச் சரி போட்டிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது.

நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் லைன் சுற்றியிருக்கும் ரீல் கதறிய சத்தம் கேட்டது. வேறு சொல் இல்லை அதற்கு. இவர், "ஏ, இங்க வா, இங்க வா" என்று கூப்பிட்டார். கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. லைன் ஏரியைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கட்டா ஒரு தடவை முழு உடம்போடு வெளியே எம்பி விழுந்தது. இவர் நடந்தார், ஓடினார், தண்ணீரில் சறுக்கி ஒரு முட்டி போட்டு எழுந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மீன் கிட்டே வந்தது. நான் கரையில் நின்று எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, அதுவும் ஊறப்போடுவது மாதிரி ஆகிவிடும் என்று பயம். மீன் பாறைப் பக்கம் திரும்பியது. சிப்பியில் உரசியிருக்க வேண்டும். கம்பு சட்டென்று நிமிர்ந்தது.

அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நனைந்த சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அறுந்த லைன் தண்ணீரில் மிதந்தது. லைட் போடாத ஹாலில் உட்கார்ந்திருக்கும் அதே முதுகு. நான்தான் முள்ளைக் கட்டிக் கொடுத்தேன், நான்தான் இந்த மனிதரை இன்னொரு தடவை தோற்க வைத்தேன் என்று கரையிலேயே நின்றேன்.

அவர் திரும்பினார். முகமெல்லாம் உப்புத்தண்ணீர்.

"பாறப் பக்கம் உட்டுருக்கக் கூடாது," என்றார். "என் தப்புதான். கம்ப எதிர்ப்பக்கம் சாய்ச்சிருந்தா திரும்பியிருக்கும்." இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினார். எல்லோரையும் போலக் கூட்டித்தான் காட்டினார். பிறகு கையை என் பக்கம் நீட்டி, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கொடுத்தேன். முடிச்சை மட்டும் இறுக்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். அன்று அதற்குப் பிறகு ஒன்றும் படவில்லை. தயிர்சாதத்தை மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஃபிலிப்பினோ குடும்பம் ஒரு பொட்டலம் பொரித்த மீன் கொடுத்தது, வாங்கிக்கொண்டோம்.

திரும்பும்போது ஷார்ஜா டிராஃபிக்கில் கார் நின்று நின்று போனது. அவர் முன்னால் பார்த்தபடியே, ருவைஸ் ரிஃபைனரியிலிருந்து ஒரு மேனேஜர் போன வாரம் கூப்பிட்டதாகவும், தான் போனை எடுக்கவில்லை என்றும் சொன்னார். நாளை மறுநாள் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று இருப்பதாகச் சொன்னார். கண்டிப்பா கெடச்சிரும் என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, சிக்னல் பச்சையா என்று பாருங்கள், எனக்கு வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன்.

அடுத்த வாரம் நடுவில் வீடியோவில் இன்டர்வியூ. நான் சட்டை எதுவும் தேய்க்கவில்லை. பள்ளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். ஹாலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து வாசலுக்கே வந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கெடைக்கல," என்றார். "சின்ன வயசு ஆளா பாக்குறாங்களாம். அபுதாபில இன்னொரு எடம் சொன்னாரு அந்த மேனேஜரே. திங்கக்கெழம நேர்ல போவணும், வண்டி குடுப்பியா?"

கிடைக்கவில்லை என்ற சொல்லை அத்தனை மாதத்தில் அவர் வாயால் நான் கேட்டதில்லை. தோளில் பை தொங்க, காலில் செருப்போடு, வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். வேலை கிடைக்கவில்லையே என்று அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "ஏய், விடு, வேற வரும்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.